முன்கதை இல்லாத நோயல்

காலடிப்பேட்டையில் டயர்க் கடைக்கு மேல்மாடியில் நடக்கிற சபையில், ஞாயிறு காலை பதினோரு மணி ஆனால் நோயல் முன்னால் இருப்பவர் முதுகுக்குப் பின்னால் ஒடுங்கிக்கொள்வான். அது சாட்சி நேரம். ஒவ்வொருவராக எழுந்து, முன்பு தாம் எப்படிக் கெட்டுக் கிடந்தோம், ஆண்டவர் எப்படித் தூக்கி நிறுத்தினார் என்று சொல்வார்கள். மீன் ஏலம் விடுகிற ஒருவர் சீட்டாட்டத்தில் படகைத் தோற்றவர். மூன்றாம் வரிசை சிஸ்டருக்கு டாக்டர்கள் கைவிட்ட வயிற்றுக் கட்டி ஒரே ஜெபத்தில் கரைந்தது. பாஸ்டர் வில்சன் அத்திப்பட்டில் பாம்பு கடித்து, நுரை தள்ளிக் கிடந்து பிழைத்தவர். அந்தக் கதையை அவர் சொல்லும்போது கீழே டயர்க் கடையில் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள்.

நோயலிடம் சொல்ல ஒன்றும் இல்லை.

அவன் பிறப்பதற்கு முன்பே அவன் அப்பா ஞானஸ்நானம் எடுத்துவிட்டார். தொட்டிலில் கிடந்தபோதே அவனுக்கும் ஜெபம் பண்ணி முடித்துவிட்டார்கள். இந்த நாற்பத்து நான்கு வயதில் அவன் புகைத்ததில்லை, குடித்ததில்லை, சீட்டைத் தொட்டதில்லை. அடிதடி என்று பார்த்தால், ஐந்தாம் வகுப்பில் ஒருவன் அவனை அடித்தான். அவ்வளவுதான். ஒரு ஞாயிறு பாஸ்டர் தன்னையே பார்ப்பதுபோல் இருந்ததால் எழுந்துவிட்டான். “போன வாரம் ஆறு நாளும் பஸ்ல எனக்கு உக்கார எடம் கெடச்சது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்” என்றான். சபை ‘அல்லேலூயா’ என்றது. சொல்லாமல் விட்டால் நன்றாக இருக்காதே என்று சொன்னது. பக்கத்தில் இருந்த அவன் மனைவி வினிதா முந்தானையை வாயில் வைத்தவள், ஆராதனை முடிகிறவரை எடுக்கவில்லை.

நோயலுக்கு இது சிரிப்பான சங்கதி இல்லை. சூதாடியைத் தேடி வந்த ஆண்டவர், பாம்பு கடித்தவரைத் தேடி அத்திப்பட்டுவரை போன ஆண்டவர், தன் பக்கம் ஒருமுறையாவது திரும்பிப் பார்த்திருக்கிறாரா? விழாதவனைத் தூக்க யார் வருவார்கள்? ஒருவேளை தான் நம்புவதாக நினைத்துக்கொண்டிருப்பது நம்பிக்கையே இல்லையோ, காலையில் பல் தேய்க்கிற மாதிரி ஒரு பழக்கம்தானோ? இதை அவன் யாரிடமும் கேட்டதில்லை. திருவொற்றியூரில் கண்டெய்னர் யார்டு ஒன்றில் அவன் கிரேன் ஓட்டுகிறான். எழுபதடி உயரத்தில் கண்ணாடிக் கூண்டில் தனியாக உட்கார்ந்திருப்பவனுக்கு இப்படி யோசிக்க நிறைய நேரம் கிடைக்கும்.

நோயலுக்குத் தெரிந்த இன்னொரு வேலை கானா. அவன் பெரியப்பா ராயபுரத்தில் சாவு கானா கோஷ்டி வைத்திருந்தார். கலியாணம் ஆகும்வரை நோயல் அந்தக் கோஷ்டியில் பின்பாட்டு. அந்தத் தொழிலுக்கு ஒரு முறை இருந்தது. பிணத்தின் பக்கத்தில் உட்காரும் முன் பெரியப்பா வீட்டுக்காரரிடம் நாலே விஷயம் கேட்பார்: செத்தவர் பேர் என்ன, எந்தத் தெரு, என்ன வேலை, என்ன சாப்பிடப் பிடிக்கும். மிச்சத்தை அவரே போட்டுக்கொள்வார். எச்சில் கையால் காக்கா ஓட்டாதவர் பாட்டில் ஊருக்கே சோறு போடுவார். பல்லிக்குப் பயந்தவர் பத்துப் பேரை அடிப்பார். கேட்கிறவர்களுக்குச் செத்தவரை நன்றாகத் தெரியும். அதனால் யாரும் ஏமாறுவதில்லை. அழுதுகொண்டே சிரிப்பார்கள். “போறவனுக்கு கொஞ்சம் சதை போட்டு அனுப்பறோம், அத்தோட சரி” என்பார் பெரியப்பா.

போன வருஷம் பாஸ்டர், “நோயல் பிரதர், உங்க சாட்சிய நீங்க கானாவுல பாடுங்களேன். வாலிபப் பசங்க ஓடி வருவாங்க” என்று கேட்டபோது, நோயல் தனக்குத் தெரிந்த அந்த ஒரே முறையில் வேலையைத் தொடங்கினான். பேர் இருந்தது, தெரு இருந்தது, வேலை இருந்தது. மிச்சத்தைப் போட்டுக்கொண்டான். உயிரோடு இருக்கிறவனுக்கு, அதுவும் தனக்கே, சாவு வீட்டு அளவில் சதை போட்டுவிட்டான். அவன் பிசகு இதுதான்.

சதை எங்கேயிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நோயலின் கிரேனுக்குக் கீழே நின்று, பெட்டிக்கு லாக் சரியாக விழுந்ததா என்று பார்த்து வயர்லெஸ்ஸில் சொல்கிறவன் பகலவன். வியாசர்பாடிக்காரன். ஏழு வருஷமாக ஒவ்வொரு திங்கட்கிழமையும் டீ குடிக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை தான் குடித்த கதையைச் சொல்வான். அவன் சொல்வதே பாதி கச்சேரி. நோயல் கேட்டுக்கொண்டே இருந்தான், கேட்டதெல்லாம் உள்ளே தங்கிவிட்டது. பாட்டு இப்படி ஆரம்பித்தது:

*எட்டு மணி அடிக்கசொல்லோ கட வாசல்ல நின்னேன்*
*ஏழு பேரு பின்னால நிக்க மொத ஆளுன்னு சொன்னேன்*

*செருப்பதான் ஒளிச்சி வச்சா, வெறுங்காலா நடந்தேன்*
*சித்திரை மாசத் தார் ரோட்ட சிரிச்சிகினே கடந்தேன்*

*கட்டுனவ கால் கொலுச கழட்டிகினு போனேன்*
*கட மூட்ற நேரத்துல காலி பாட்டில் ஆனேன்*

நிஜம்போல இருக்கட்டும் என்று கிரேனையும் உள்ளே இழுத்துவிட்டான்:

*பொட்டி ஒண்ணு மேல தொங்க போதை தலைக்கேற*
*பூட்டுமேல பூட்டு வச்சி புடிச்சாரு யேசு நேரா*

ஆறு வருஷத்துக்கு முன்னால் எல்லாம் மாறியது என்று போனது பாட்டு. கடைசியில் ஆண்டவர் குப்பைமேட்டுக்கு வந்தார். திட்டவில்லை, பிரசங்கம் பண்ணவில்லை:

*குப்பையில கெடந்தவன கூப்ட்டு நிறுத்தினாரு*
*கூட ஒரு கிளாசு மோரு குடுத்து உக்காத்தினாரு*

டிபன் பாக்ஸ் மூடியில் தாளம் போட்டுக்கொண்டு இதைச் சபையில் பாடினான். கடைசி அடிக்கு வரும்போது நோயல் அழுதுவிட்டான். நாற்பத்து நான்கு வருஷத்தில் ஆராதனையில் அவன் அழுதது அதுதான் முதல் தடவை. நெஞ்சுக்குள் ஏதோ தொட்டது. சபை எழுந்து நின்றது. அன்று சாயங்காலம் அவனுக்குப் புதிய பயம் ஒன்று வந்தது: உண்மையாக இருந்த காலமெல்லாம் வராத ஆண்டவர், பொய் சொன்ன அன்றைக்கு வந்தாரா? அல்லது வந்தது அவர் இல்லையா?

வாலிபர்கள் பாட்டை வீடியோ எடுத்துப் போட்டார்கள். எண்ணூர் முதல் மணலி புதுநகர் வரை போனது. முதலில் பலனை அனுபவித்தவள் வினிதாதான். சபைப் பெண்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் விட்டார்கள். இரண்டு பேர் பேசிக்கொண்டே அவள் காலைப் பார்த்தார்கள். எண்ணூரிலிருந்து அவள் அம்மா போன் பண்ணி, “இத்தினி நாளா பெத்தவகிட்ட மறச்சிட்டியேடி” என்று ஒப்பாரி வைத்தாள்.

“ஏய்யா” என்றாள் வினிதா அன்று வீட்டில், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு. “எனக்கு எப்ப கொலுசு வாங்கிக் குட்த்த, கழட்டிகினு போறதுக்கு?”

“பாட்டுக்கு ஓசையா வருமேன்னு...”

“பாட்டுல வாங்கி குட்த்துட்டாவது கழட்டி இருக்கலாம். நேரா கழட்டிக்கினா இன்னா ஞாயம்?”

நோயல் அடுத்த ஞாயிறே எழுந்து உண்மையைச் சொல்லியிருப்பான். சொல்ல முடியாமல் போனதற்குக் காரணம் பகலவன்.

அதற்குள் வந்த திங்கட்கிழமை பகலவன் டீயைக் கையில் வைத்துக்கொண்டு கதை எதுவும் சொல்லாமல் நின்றான். “இன்னா மாமு, கத இல்லியா?” என்று நோயல் கேட்டான். “இல்ல நைனா. உன் பாட்ட கேட்டேன். உட்டுட்டேன்” என்றான். அவ்வளவுதான் சொன்னான். பகலவன் சாமி கும்பிடுகிற ஆள் இல்லை. அவன் வீட்டுச் சுவரில் இருப்பது அம்பேத்கர் படமும் புத்தர் படமும். நோயல் எத்தனையோ தடவை சபைக்குக் கூப்பிட்டு, அவன் எத்தனையோ தடவை சிரித்திருக்கிறான். அப்படிப்பட்டவன் இந்தப் பாட்டைக் கேட்டு நிறுத்திவிட்டான்.

அன்றிலிருந்து நோயல் எண்ண ஆரம்பித்தான். ஒரு வாரம். இரண்டு வாரம். முப்பது நாள். யார்டில் ஒவ்வொரு ஷிப்டு தொடங்கும்போதும் எல்லாரும், குடித்திருக்கிறார்களா என்று காட்டும் ஒரு கருவியில் ஊத வேண்டும். மூன்று விநாடியில் அதில் எண் வரும். பூஜ்யம் வந்தால் உள்ளே, வேறு எது வந்தாலும் வீட்டுக்கு. பகலவன் பழைய நாட்களில் இரண்டு தடவை வீட்டுக்குப் போனவன். இப்போது தினமும் பூஜ்யம். பாட்டு பொய் என்று தெரிந்தால் இவன் என்ன ஆவான் என்று நோயல் கூண்டுக்குள் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்ப்பான். எந்த வழியில் போட்டாலும் அது அரசாங்கக் கடை வாசலில் போய் நின்றது.

நாற்பத்தேழாவது நாள், வெள்ளிக்கிழமை. யார்டின் பாதுகாப்பு அதிகாரி ரகுபதி நோயலைக் கூப்பிட்டார். மேசையில் போன் இருந்தது. போனில் நோயல் பாடிக்கொண்டிருந்தான்.

“இது நீதானே?”

“ஆமா சார்.”

“‘பொட்டி ஒண்ணு மேல தொங்க போதை தலைக்கேற.’ எந்தப் பெட்டி? இருபதடியா, நாற்பதடியா? எந்தத் தேதி?”

ரகுபதி ஒரு பதிவேட்டைப் பிரித்தார். “பதினோரு வருஷமா நீ ஊதின கணக்கு இதுல இருக்கு. எல்லாம் பூஜ்யம். பாட்டு நிஜம்னா என் மிஷின் பொய். மிஷின் பொய்னா பதினோரு வருஷமா நான் இங்க உட்கார்ந்து என்ன பண்ணினேன்? சொல்லுப்பா, ரெண்டுல எது பொய்?”

நோயல் வாயைத் திறக்கும் முன் கதவு திறந்தது. விஷயம் கேள்விப்பட்டு, கையுறையைக்கூடக் கழற்றாமல் பகலவன் ஓடி வந்திருந்தான்.

“சார், அவரு உட்டு ஆறு வருசம் ஆவுது சார். பாட்டுலயே கீது.”

“ஆறு வருஷம் சரி. அதுக்கு முன்னாடி அஞ்சு வருஷமும் பூஜ்யம்தானே வந்திருக்கு?”

பகலவன் ஒரு விநாடி யோசித்தான். “அத்த ஆண்டவரு மறச்சிருப்பாரு சார்.”

“உனக்குத்தான் சாமி நம்பிக்கை கிடையாதே?”

“எனக்கு கெடையாது சார். அவருக்கு கீதுல்ல?”

ரகுபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பகலவனை வெளியே அனுப்பிவிட்டு, “மிஷின் சரி, பாட்டுதான் கப்ஸான்னு எழுதிக் கொடு. திங்கட்கிழமை காலையில எல்லார் முன்னாடியும் படிப்பேன்” என்றார். நோயல் எழுதினான்: ‘மேற்படி பாடலில் வரும் நான் நான் அல்ல என்றும், மேற்படி நான் குடித்ததாகச் சொல்லப்படும் நாட்களில் நான் டீ மட்டுமே குடித்தேன் என்றும் உறுதி கூறுகிறேன்.’ கையெழுத்துப் போடும்போது அவன் வேலையைப் பற்றி நினைக்கவில்லை. திங்கட்கிழமை கூட்டத்தில் பகலவன் எந்த இடத்தில் நிற்பான் என்றுதான் நினைத்தான். எப்போதும் முதல் வரிசையில் நிற்பான்.

சனிக்கிழமை பாஸ்டர் வில்சனிடம் போனான். சபையின் வருடாந்திரப் பெருவிழா மறுநாள் சாயங்காலம். மாடிப்படி முழுக்கச் சுவரொட்டிக் கட்டு. ‘முன்னாள் குடிகாரர், இந்நாள் கானா ஊழியர் நோயல்’ என்று, அவன் படத்தைச் சுற்றி மின்னல் போட்டிருந்தார்கள். நோயல் எல்லாவற்றையும் சொன்னான். பாஸ்டர் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

“ஒரு சொட்டுகூட இல்லியா பிரதர்?”

“இல்ல பாஸ்டர்.”

“கலியாண வூட்ல? தோஸ்துங்க வற்புறுத்தி?”

“இல்ல பாஸ்டர்.”

“இருமல் மருந்து? சில மருந்துல கலக்கறாங்க.”

“ஒருக்கா கிறிஸ்துமஸ் கேக்குல ரம்மு ஊத்தி இருந்தாங்க. தெரியாம ரெண்டு பீஸ் தின்னுட்டேன்.”

பாஸ்டரின் முகம் மலர்ந்தது. “அப்ப இருக்கே!” என்றார். சொன்னவருக்கே அது கேட்டிருக்க வேண்டும். மலர்ந்த முகம் மெதுவாக வாடியது. ஜன்னல் வழியே கொஞ்ச நேரம் டயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, சுவரொட்டிக் கட்டோடு பேசுகிறவர்போல, “அத்திப்பட்டுல என்ன கடிச்சது எலியாக்கூட இருக்கலாம்” என்றார். “இருட்டு. சரியா பாக்கல. மொத வருசம் சொல்லசொல்லோ எலின்னுதான் சொன்னேன். ‘எலியா?’ன்னு ஒருத்தர் கேட்டாரு. அந்த ‘எலியா’வை என்னால தாங்க முடியல. மூணாவது வருசம் பாம்பாய்டுச்சு.”

“நுரை தள்ளுனது?”

“அது நெசம். பயத்துல.”

நோயல் கிளம்பும்போது பாஸ்டர் அவன் தோளில் கை வைத்தார். “உனக்கு மன்னிப்பு கெடைக்கும் நோயல். அந்த ஆளு குடிக்காம இருக்கணும், அதான் விசேசம். மத்தவங்க வாயில கேக்க உடாத. நீயே போய் சொல்லு.”

நாற்பத்தொன்பதாவது நாள், ஞாயிறு. ஆராதனை முடிந்ததும் நோயல் வியாசர்பாடிக்குப் போனான். குடியிருப்பில் மூன்றாவது மாடி. பகலவன் வீட்டு வாசலில் செருப்புகள் வரிசையாக இருந்தன. அவன் செருப்பும் வெளியிலேயே, யாரும் ஒளித்து வைக்காமல் இருந்தது. அதைப் பார்த்ததும் நோயலுக்குத் திரும்பிப் போய்விடலாமா என்று தோன்றியது. அதற்குள் பகலவனின் மனைவி கார்குழலி பார்த்துவிட்டாள். “வாண்ணா, பாட்டுக்காரரே!” என்றாள். பகலவன் தரையில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தான்.

“மாமு, ஒண்ணு சொல்லணும். கோச்சிக்காத.”

“மூணு மாடி ஏறி வந்துகீற. சொல்லு.”

“நான் குடிச்சதே இல்ல மாமு. ஒருக்கா கேக்குல இருந்த ரம்மு, அவ்ளோதான். பாட்டு பூரா டுபாக்கூரு.”

பகலவன் டம்ளரைக் கீழே வைத்தான். நோயல் அந்தக் கையையே பார்த்தான்.

“தெர்யும்” என்றான் பகலவன்.

“இன்னாது?”

“மொத வரியிலயே தெர்யும். எட்டு மணிக்கு எவன்யா கட தொறக்கறான்? பன்னெண்டு மணிக்குத்தான் தொறப்பான். குடிக்கிறவனுக்கு அவன் பொறந்த நாளு மறந்தாலும் மறக்கும், இது மறக்காது.”

நோயல் திகைத்துப் போனான். அந்தக் கடையைத் தாண்டும்போதெல்லாம் அவன் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டே போனவன். அவனுக்கு நேரம் தெரியாமல் போனது சரி. சபையில் இத்தனை பேர் கேட்டார்களே? ஒருவர்கூடத் திருத்தவில்லையே? பிறகு புரிந்தது. திருத்தினால் அது தனக்கு எப்படித் தெரியும் என்று சொல்ல வேண்டியிருக்கும். நூற்றிருபது பேரும் எட்டு மணியை அப்படியே விழுங்கிவிட்டு அல்லேலூயா சொல்லியிருக்கிறார்கள்.

“அப்ப வெள்ளிக்கெழம ரகுபதி சார்கிட்ட ஓடியாந்து...”

“உன் மானம் போவுதேன்னு நான் பொய் சொல்லிகினு கீறேன். நீ இன்னாடான்னா எழுதியே குட்த்துட்டு வந்துகீற. கேள்விப்பட்டேன்.”

“தெரிஞ்சும் ஏன் மாமு நிறுத்துன?”

பகலவன் மிச்ச மோரைக் குடித்து முடித்தான். “ரெண்டாவது அடியில செருப்பு வந்துச்சா? அது என் செருப்பு. அப்பால கொலுசு. அது இவ கொலுசு. பாட்டு பூரா நான் கீறேன் நைனா. நீ என் வாயப் புடுங்கி எழுதுனது எனக்குத் தெரியாதா? சரி, எழுதிக்கோன்னு கேட்டுகினே வரேன். கடைசில ஒருத்தன கூப்ட்டு, உக்கார வச்சி, மோர் குடுக்கறாரு. அங்க மட்டும் நான் இல்ல. அத்தினி தூரம் வெறுங்கால்ல நடந்தவன் நானு, மோர் குடிக்கிறவன் வேற எவனோ. பேஜாரா பூட்ச்சி. என் எடத்துல நான் ஏன் உக்காரக் கூடாதுன்னு, அன்னிக்கு இவள மோர் கலக்கச் சொன்னேன்.”

“அப்ப ஆண்டவர நம்புறியா மாமு?”

“அத்த கேக்காத. மோர நம்புறேன்.”

“இன்னும் எத்தினி நாளிக்கின்னு...”

“அது எனக்கே தெர்யாது. இன்னிக்கு குடிக்கல. நாளிக்கு ஊதசொல்லோ பாத்துக்கோ.”

கார்குழலி சமையல்கட்டிலிருந்து கரண்டியோடு வந்தாள். “அண்ணா, என் கொலுச பாட்டுல வித்தியே, பாட்டுல திருப்பிக் குட்த்தியா? ஆம்பளைக்கு மோர் வந்துச்சு, உக்கார எடம் வந்துச்சு. என் காலு அப்படியே கீது. இன்னா பாட்டு இது?”

வினிதா கேட்ட அதே கேள்வி, வேறு காலிலிருந்து வந்தது. நோயல் அங்கேயே தரையில் உட்கார்ந்தான். மோர் டம்ளரைக் கவிழ்த்து அதில் தாளம் போட்டான். ஒரு அடி சரியாக வர அரைமணி நேரம் பிடித்தது. ‘எட்டு மணி’யைப் ‘பன்னெண்டு மணி’யாக்கி வாயில் போட்டுப் பார்த்தார்கள். தாளத்தில் உட்கார்ந்தது. பகலவன் தலையை ஆட்டினான்.

அன்று சாயங்காலம் பெருவிழாவில், தன் படத்துக்குக் கீழேயே நோயல் நின்றான். “சுவரொட்டில போட்டிருக்கிற குடிகாரர் நான் இல்ல” என்றான். கூட்டம் சலசலத்தது. “அவரு என் சினேகிதர். பேர சொல்ல மாட்டேன். நான் குடிச்சதில்ல. என்கிட்ட சாட்சி இல்லாததால அவரோடத எடுத்துகினேன். அவரு நிறுத்தி நாப்பத்தொம்போது நாள் ஆவுது. கதை இன்னும் முடியல. மன்னிச்சிக்கங்க.” எண்ணூரிலிருந்து வந்திருந்த மாமியார் எழுந்து நின்று, “அப்ப என் பொண்ண அடிக்கலியா?” என்று சத்தமாகக் கேட்டாள். “அடிக்கலம்மா, உக்காரு” என்றாள் வினிதா.

பிறகு பாடினான், ‘நின்னேன்’ என்ற இடமெல்லாம் ‘நின்னான்’ என்று. பன்னிரண்டு மணி வந்தபோது பின்வரிசையில் நாலைந்து பேர் தெரியாத்தனமாகத் தலையாட்டிவிட்டு, பக்கத்தில் இருந்த மனைவிமாரைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள். கடைசியில் புது அடி:

*கழட்டிகினு போன கொலுசு வூட்டுக்குள்ள கேக்கணும்*
*கட்டுனவ சிரிக்கறத கண்ணால அவன் பாக்கணும்*

போன தடவைபோல் யாரும் எழுந்து நிற்கவில்லை. நோயலுக்கு அழுகையும் வரவில்லை. முன்வரிசையில் ஒரு வயதான சிஸ்டர் மட்டும், “நாளிக்கு அம்பதாவது நாளு. அந்தப் புள்ளைக்கு ஜெபிக்கலாம்” என்றாள். எல்லாரும் கண்ணை மூடினார்கள். அடுத்துப் பிரசங்கத்துக்கு எழுந்த பாஸ்டர் வில்சன், தொண்டையைச் செருமிக்கொண்டு, “அத்திப்பட்டுல என்னை ஒண்ணு கடிச்சது” என்று ஆரம்பித்தார். வருஷக்கணக்காகக் கேட்டவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை காலை யார்டில் ரகுபதி கடிதத்தைப் படித்தார். ‘டீ மட்டுமே குடித்தேன்’ என்ற இடத்தில் நாற்பது பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருவன், “அப்ப அது யாரு கத?” என்று கத்தினான். நோயல் காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றான். முதல் வரிசையிலிருந்து பகலவன் கையைத் தூக்கினான்.

“என்னுது. கிரேன் வரி மட்டும் அவன் சொந்தக் கற்பன. மிச்சம் நானு. இன்னியோட அம்பது நாளு.”

சிரிப்பு நின்றது. யாரோ கை தட்ட ஆரம்பித்தார்கள். ரகுபதிக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. கருவியை எடுத்துத் துடைத்து, “சரி, ஊது” என்று பகலவன் முன்னால் நீட்டினார்.

பகலவன் ஊதினான். எண் வர மூன்று விநாடி. அவன் கார்குழலியிடம் மோர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் வந்திருப்பான். அப்படி வராமலும் இருக்கலாம். நேற்று மத்தியானத்துக்குப் பிறகு ஒரு சாயங்காலம் முழுக்க இருந்திருக்கிறது. ஆண்டவரே, பூஜ்யம், ஆண்டவரே, பூஜ்யம் என்று நோயலின் உள்ளுக்குள் ஓடியது. கேட்கிறவர் இருக்கிறாரா என்று அந்த மூன்று விநாடியில் அவனுக்குத் தெரியவில்லை. தெரியாமலேயே, பிறந்ததிலிருந்து கேட்காத வேகத்தில் கேட்டுக்கொண்டிருந்தான்.

“பூஜ்யம்” என்றார் ரகுபதி. “அடுத்து யாரு? நோயல்!”

நோயல் நகரவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றான். பகலவன் வந்து அவன் விலாவில் இடித்தான்.

“இன்னா நைனா, ஊதுனது நானு, நடுங்கறது நீயா? போ, போய் ஊது. உனக்கு இன்னா வரப் போவுது, அந்த ரம்மு கேக்குதான் வரும்.”